டொக்டொக் போடாத வட்டம்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே டொக்டொக் தட்டிப் பார்க்காத பொருள் என்று ஏதாவது இருந்திருந்தால், அது ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்திருக்க வேண்டும். காக்கை தப்பித்தது. மற்றபடி கதவு, சுவர், பூசணிக்காய், பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம், பக்கத்து வீட்டுக்காரரின் புது பீரோ எதுவும் தப்பவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபைபர் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். தண்ணீர்த் தொட்டி, பஸ் சீட்டு, துணிக்கடை வாசலில் கும்பிட்டபடி நிற்கும் பொம்மை என்று எதைக் கேட்டாலும் செய்து கொடுப்போம். கண்ணாடி நாரால் ஆன வெள்ளைத் துணி போன்ற ஒன்று உண்டு. மேட் என்போம். அதை அச்சில் விரித்து ரெசின் என்கிற பிசினைப் பூசி, அதன்மேல் இன்னொரு மேட், இன்னொரு பூச்சு. காய்ந்தால் கல்லாகிவிடும். ஆனால் உள்ளே ஒரு மேட் குறைந்தாலும் வெளியே தெரியாது. பார்க்கப் பளபளவென்று மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கும். அந்தக் குறையைக் கண்டுபிடிப்பதற்குத்தான் பட்டறையில் டொக்டொக் இருந்தார்.

கையில் ஒரு பழைய பித்தளை டோக்கன், காதில் ஒரு நீலப் பென்சில். பொருளைச் சுற்றிவந்து டோக்கனால் தட்டுவார். டொக், டொக், டொக். சத்தம் மாறுகிற இடத்தில் நிற்பார். பென்சிலை எடுத்து ஒரு வட்டம் போடுவார். வட்டம் விழுந்த பொருள் பட்டறையை விட்டு வெளியே போகாது. முதலாளியே வந்து "இந்த ஒரு தடவை கண்டுக்காதய்யா" என்று கெஞ்சினாலும் வட்டம் வட்டம்தான். வட்டத்துக்குள் என்ன தப்பு, செய்தவன் யார் என்பதையும் நோட்டில் எழுதிவிடுவார்.

பட்டறையோடு விட்டாரா? ஆவடி மார்க்கெட்டில் தர்ப்பூசணிக் கடைக்காரர் இவரைத் தூரத்தில் பார்த்ததுமே பாதிப் பழங்களைக் கோணி போட்டு மூடுவார். மச்சினி மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், எல்லோரும் பஜ்ஜி தின்றுகொண்டிருக்க, இவர் மாப்பிள்ளை வீட்டு பீரோவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தகரம் மெலிசாக் கீது. ஆனா மாப்பிள்ளை பரவால்ல" என்று சபையில் அறிவித்தார். ஒருமுறை இருமல் என்று டாக்டரிடம் போனார். டாக்டர் இவர் முதுகில் விரலை வைத்துத் தட்டிக்கொண்டிருக்க, இவர் திரும்பி, "டாக்டரே, இன்னும் ரெண்டு வெரக்கட கீழ தட்டுங்க. சவுண்டு அங்கதான் மாறுது" என்றார். டாக்டர் தட்டினார். சளி அங்கேதான் இருந்தது.

அவர் நிஜப் பெயர் சம்பளப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. நேரில் நாங்கள் அண்ணாத்தே என்போம். அவர் எங்கள் எல்லோரையும் நைனா என்பார்.

இப்போது படகு விஷயத்துக்கு வருகிறேன்.

ஏதோ ஒரு படகு கிளப்பிலிருந்து எங்களுக்கு ஆர்டர் வந்தது. இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து, இரண்டு முனையும் அகலமான துடுப்பால் தள்ளிக்கொண்டு போகும் ஒல்லிப் படகு. கயாக் என்று பெயர். பட்டறையில் யாரும் அந்தப் பெயரை வாயில் வைக்கவில்லை. வாழைக்காய் என்றோம். பார்க்கவும் அப்படித்தான் இருந்தது, மஞ்சளடித்த வாழைக்காய். முதலில் மாதிரிக்கு ஆறு. ஆறும் ஏரியில் ஒரு பகல் பொழுது ஓடிக்காட்டினால் இன்னும் நாற்பது தருவார்களாம். ஒன்று சொதப்பினாலும் ஆர்டர் வேறு பட்டறைக்கு.

முதலாளி, மணல் மூட்டையை ஏற்றி ஓட்டிக் காட்டலாம் என்றார். டொக்டொக் ஒத்துக்கொள்ளவில்லை.

"மொதலாளி, மணல் மூட்டை ஆடாது, அசையாது, சண்ட போடாது. நாளைக்கி இதுல குந்தப்போறது புருசனும் பொண்டாட்டியும். அதத் தாங்கணும்ல? செஞ்சவன் குந்தட்டும், கூட அவன் ஊட்டுக்காரியும் குந்தட்டும்."

முதலாளிக்கு இது பிடித்துப்போய்விட்டது. பிடித்ததோடு நிற்காமல் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். "எவன் செஞ்ச படகு தண்ணி குடிக்குதோ, அவன் திங்கக்கிழம பட்டறைக்கு வரவேணாம்."

ஆறு படகில் ஐந்தைச் செய்தவர்கள் கல்யாணமானவர்கள். ஆறாவதைச் செய்தவன் பிரம்மச்சாரி. அதனால் ஆறாம் நம்பருக்கு டொக்டொக்கும் அவர் மனைவி பூங்காவனம் அக்காவும் என்று முடிவாயிற்று. நாலாம் நம்பர் என்னுடையது. எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. ஐப்பசியில் கல்யாணம். ஏரி நிரம்பி, மழை விட்டு, தை பிறந்தபோது எனக்கும் கற்பகத்துக்கும் கல்யாணமாகி மூன்று மாதம் முடிந்திருந்தது.

படகை ஓட்டிக் காட்டுவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை, ஆறு ஜோடியையும் பட்டறைக்கு வரவழைத்து, சரக்கு எடை போடும் இரும்புத் தராசில் டொக்டொக் நிறுத்தினார். எங்கள் இருவரையும் சேர்த்துத் தொண்ணூற்று மூன்று கிலோ. "இது ரெண்டும் காத்தடிச்சா பறந்துரும்" என்று எழுதிக்கொண்டார். பூங்காவனம் அக்கா மட்டும் தராசில் கால் வைக்க மறுத்துவிட்டார்.

"இன்னாய்யா, என்னை சிமிட்டி மூட்டைனு நெனச்சியா?"

"ஆபீஸ் வேலம்மே இது. ஏறு."

"என் வெயிட்டு எனக்கும் எமனுக்கும் தெரிஞ்சா போதும். உன் நோட்டுக்குத் தெரிய வேணாம்."

டொக்டொக்கையே மடக்கிய ஒரே ஆள் அந்த அம்மாள்தான். ஆறாம் நம்பருக்கு நேரே டொக்டொக் எடை எழுதாமல் நோட்டில் கோடு போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எனக்கு இடி விழுந்தது. சாப்பாட்டுத் தூக்கை வைப்பதற்காக என் பழைய பட்டறைப் பையைக் கற்பகம் உதறினாள். மடித்த வெள்ளைத் துண்டு ஒன்று கீழே விழுந்தது.

"இன்னாங்க இது? பஞ்சு மாதிரி கீது, தொட்டா அரிக்குது."

நாலு விரல் அகலத்தில் வெட்டிய மேட். கல்யாண லீவுக்கு முந்தின நாள் சாயங்காலம், நாலாம் நம்பரின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் நான்தான் ஒட்டினேன். ஒட்டிய இடத்தில் உள்பக்கமாகக் கையை விட்டு இரண்டு பட்டை மேட் போட வேண்டும். இரண்டு வெட்டியது ஞாபகம் இருக்கிறது. ஒன்றைப் போட்டது ஞாபகம் இருக்கிறது. அப்போது பந்தல்காரர் வந்து வாழைமரம் எத்தனை என்று கேட்டதும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஞாபகம் இருப்பதெல்லாம் கல்யாணம்தான். அன்று கிளம்பும்போது டொக்டொக் கேட்டார், "நைனா, உள்ள ரெண்டு பட்ட போட்டியா?" நான் செருப்பை மாட்டிக்கொண்டே, "போட்டேன் அண்ணாத்தே" என்றேன்.

ஒருவேளை மூன்று வெட்டியிருப்பேனோ? மூன்றாவதுதான் பையில் வந்ததோ? பட்டறையில் அவர் தட்டியபோது நாலாம் நம்பரில் வட்டம் விழவில்லையே! இப்படி எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டே திருநின்றவூர் வரைக்கும் ரயிலில் போனேன். கற்பகம் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு வேப்பம்பட்டு. நாங்கள் படகு விடப்போகும் ஏரியைத் தாண்டித்தான் அவள் பிறந்த வீடு. எனக்கோ நீச்சல் சுத்தமாகத் தெரியாது.

வண்டியை விட்டு இறங்கி முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் திங்கட்கிழமை வேலை இல்லை. சொல்லாவிட்டால் கற்பகத்தை ஓட்டைப் படகில் ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நான் எதையும் சொல்லாமலே ஏரிக்கரைக்கு நடந்தேன். அன்றைக்கு நான் எவ்வளவு கோழை என்பது எனக்கே தெரிந்தது.

ஏரிக்கரையில் லாரியிலிருந்து ஆறு மஞ்சள் வாழைக்காய்களையும் இறக்கி வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரே அச்சு, ஒரே நிறம். மூக்கில் கம்பியால் கட்டித் தொங்கவிட்ட நம்பர் தகரத்தை வைத்துத்தான் எது யாருடையது என்று சொல்ல முடியும். கிளப்காரர் வெள்ளைத் தொப்பியும் விசிலுமாக நின்றார். அவர் கொண்டுவந்த ஆரஞ்சு மிதவைச் சட்டைகள் ஆறுதான். அதைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, ஆண்களுக்கு ஆளுக்கொரு ஸ்கூட்டர் டியூபில் காற்றடித்து மாட்டிவிட்டார்கள். கழுத்தில் டியூபோடு நின்ற எங்களைப் பார்த்து எருமை மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எருமையை மறந்துவிட்டார்கள்.

"லாரி குலுக்கின குலுக்குல ஒரு தபா பாத்துர்றேன்" என்று டொக்டொக் டோக்கனை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. டொக், டொக். நாலாம் நம்பரிடம் வந்தார். குந்தி உட்கார்ந்தார். ஒட்டு ஓடுகிற இடத்தில் தட்டினார். மறுபடியும் அதே இடத்தில் தட்டினார். காதைப் படகின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை தட்டினார். பென்சில் காதிலிருந்து கைக்கு வந்தது. பென்சில் கொஞ்ச நேரம் அந்தரத்தில் இருந்துவிட்டு மறுபடியும் காதுக்கே போயிற்று.

"ம்" என்றார்.

"இன்னா அண்ணாத்தே?"

"ஒண்ணுமில்ல நைனா. எல்லாரும் போய் ஒரு டீ குட்ச்சிட்டு வாங்க. தண்ணில எறங்குனா டீ கெடைக்காது."

கரைக்கு மேலே இருந்த டீக்கடைக்கு எல்லோரும் போனோம். மிச்சம் இரண்டையும் தட்டிவிட்டு வருவதாக டொக்டொக் நின்றுவிட்டார்; பூங்காவனம் அக்காவும் கால் வலி என்று படகுகளிடமே உட்கார்ந்துவிட்டார். எனக்கு டீ இறங்கவில்லை. அந்த "ம்" என்னத்துக்கு? நல்லதுக்கா கெட்டதுக்கா? திரும்பி வந்து, நாலாம் நம்பர் தகரம் தொங்கிய படகைத் தடவித் தடவிப் பார்த்தேன். நீலக்கோடு ஒன்றுகூட இல்லை.

விசில் ஊதியது. "எல்லாரும் ஒரே கூட்டமாப் போகணும். எதிர்க்கரையில சாப்பாடு. சாயங்காலம் இதே கரைக்குத் திரும்பணும்" என்று சொல்லிவிட்டு கிளப்காரர் தன் படகில் முன்னால் போனார். நாங்கள் பின்னால் போனோம். போனோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. மனைவி இடது பக்கம் தள்ள, கணவனும் இடது பக்கம் தள்ள, படகுகள் நின்ற இடத்திலேயே வட்டமடித்தன. தண்ணீரின் மேல் பேச்சு நன்றாகக் கேட்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. ஐந்து குடும்பத்தின் வண்டவாளமும் ஏரி முழுக்கக் கேட்டது. மணல் மூட்டை சண்டை போடாது என்று டொக்டொக் சொன்னது எவ்வளவு சரி!

எங்கள் படகில் மட்டும் சத்தமில்லை. நான் துடுப்பைப் போட்டதைவிடக் காலடியைப் பார்த்ததுதான் அதிகம். ஏரியின் நடுவுக்கு வந்ததும் என்னால் முடியவில்லை.

"கற்பகம், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தள்ளிக்கினே சொல்லுங்க."

சொன்னேன். பந்தல்காரர், வாழைமரம், வெள்ளைத் துண்டு எல்லாம் சொன்னேன். அவள் திரும்பாமலே துடுப்புப் போட்டாள்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்குத் தெரியும். இந்த ஏரிலதான் கத்துக்கினேன். ஆடாம ஒக்காருங்க."

அப்போதுதான் என் குதிகாலில் ஈரம் பட்டது. குனிந்து பார்த்தேன். படகின் அடியில் தண்ணீர் ஒரு கோடாக ஓடி வந்துகொண்டிருந்தது. "வந்துட்சு! தண்ணி வந்துட்சு!" என்று நான் போட்ட கூச்சலில் முன்னால் போன விசில்காரர் திரும்பிப் பார்த்தார். கற்பகம் கையைப் பின்னால் நீட்டி, அதைத் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். படகும் சேர்ந்து குலுங்கியது. நானும் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு, புளிப்பு, கொஞ்சம் பெருங்காயம். தூக்கின் அடித்தட்டிலிருந்த மோர் சாய்ந்திருந்தது.

அதற்குப் பிறகு எதிர்க்கரை வரைக்கும் எங்கள் படகில் ஒரு சொட்டு ஏரித் தண்ணீர் இல்லை. என் வக்கீல் ஜெயித்துவிட்டான். மூன்று பட்டைதான் வெட்டியிருக்கிறேன்!

கடைசியாகக் கரை சேர்ந்தது ஆறாம் நம்பர். சேர்ந்தது என்பதைவிட மிதந்து ஒதுங்கியது என்று சொல்ல வேண்டும். மற்ற படகுகளைவிட ஒரு சாண் தாழ்ந்திருந்தது. பூங்காவனம் அக்கா துடுப்பை மடியில் போட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் மக்கால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே புடவை முழுக்க நனைந்திருந்தது. ஏரிக்குக் கிளம்பும் ஒரு பெண் சாப்பாட்டுத் தூக்கை விட்டுவிட்டு மக்கை எதற்கு எடுத்துவந்தார் என்று யாரும் யோசிக்கவில்லை. சிரிப்பதற்குத்தான் எல்லோருக்கும் நேரம் இருந்தது.

பயம் தெளிந்தவனுக்குத்தான் வாய் அதிகம். நான் எழுந்து நின்று, "நேத்தே அக்கா தராசுல ஏறியிருந்தா இப்ப ஏரி ஏறியிருக்குமா?" என்றேன். கரையே கொல்லென்று சிரித்தது. டொக்டொக் சிரிக்கவில்லை. பூங்காவனம் அக்கா புடவையைப் பிழிந்தபடி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஆமாண்டா, என் வெயிட்டுதான். அதுக்கு இன்னா இப்போ? வா, வந்து சாப்புடு" என்று, யாரோ நீட்டிய பாத்திரத்திலிருந்து எனக்கு ஒரு வடையை அதிகமாக எடுத்து வைத்தார்.

திரும்பும்போது நிலைமை மோசம். ஆறாம் நம்பரின் விளிம்புக்கும் ஏரிக்கும் நாலு விரல்தான் இடைவெளி. டொக்டொக் துடுப்புப் போட, அக்கா நிறுத்தாமல் இறைத்தார். ஒருமுறை கை ஓய்ந்து அக்கா நிறுத்தியதும் படகு சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தது. எல்லோருக்கும் சிரிப்பு நின்றுபோனது. கற்பகம்தான், "அவங்க பக்கத்துல போங்க" என்று என்னை அதட்டினாள். ஒரு கையால் அவர்கள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே வந்தாள். டொக்டொக்கின் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. சாமி பேரா, தட்டின கணக்கா தெரியவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

எப்படியோ கரை தட்டியது. ஆறும் வந்து சேர்ந்தன. கிளப்காரர் ஆறாம் நம்பரைக் கவிழ்த்தார். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"என்னய்யா இது?"

டொக்டொக் முன்னால் வந்தார். "படகு மேல தப்பு இல்ல சார். எறக்கசொல்ல நான்தான் கல்லுல இட்ச்சிட்டேன். ஒட்டு வாய் தொறந்துகிச்சு. ரெண்டு நாள்ல சரி பண்ணித் தர்றேன்."

முதலாளி அத்தனை பேர் முன்னாலும் பிடித்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் வட்டம் போடுவியே, உனக்கு யாருய்யா வட்டம் போடறது?" டொக்டொக் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், பாவத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. ஆறும் பகல் முழுக்க மிதந்துவிட்டதால் கிளப்காரர் டொக்டொக் சொன்னதை ஏற்றுக்கொண்டார்; ஆர்டர் கிடைத்தது. அந்த மாதமே என் வேலை நிரந்தரமானது. ஆறாம் நம்பரை டொக்டொக்கே சரிசெய்தார். வேறு யாரையும் கிட்டே விடவில்லை.

எட்டு வருஷம் ஓடிப்போனது. திருமுல்லைவாயிலில் நான் இரண்டு அறையும் ஒரு கூடமுமாக ஒரு வீடு கட்டினேன். கிரகப்பிரவேசத்துக்கு டொக்டொக் வந்தார். வந்தவர் சாமி கும்பிடுவதற்கு முன்பே கூடத்துச் சுவரைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். வந்தவர்கள் எல்லாம் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். சமையலறையில் பூங்காவனம் அக்கா முக்காலியில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, இடுப்பு வலியா?" என்றாள் கற்பகம்.

"ஏரித்தண்ணி எறச்ச வலிடி. இன்னும் போவல."

"உங்க வெயிட்டுக்கு நீங்கதானேக்கா எறைக்கணும்" என்று நான் பழைய நகைச்சுவையை எடுத்தேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார். கூடத்தில் டொக், டொக் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"எட்டு வருசமா வாய மூடிகினு கீறேன். இன்னிக்கி உன் ஊட்லயே சொல்லிர்றேன். அது என் வெயிட்டு இல்லடா. உன் படகு."

எனக்குப் புரியவில்லை.

"நீங்கள்லாம் டீ குடிக்கப் போனீங்களே, அப்ப இவரு நாலாம் நம்பர் தகரத்தையும் ஆறாம் நம்பர் தகரத்தையும் மாத்திக் கட்டுனாரு. இன்னாய்யா பண்றேன்னு கேட்டேன். பையன் உள்ள ஒரு பட்ட போட மறந்துட்டான், பட்டறைல ஒட்டு கெட்டியா இருந்ததால சவுண்டு மாறல, இப்ப லாரி குலுக்குனதுல ஒட்டு உட்டுப்போச்சு, வட்டம் போட்டா அவன் வேல பூடும்னாரு. அதுக்கு நாம முழுவணுமானு கேட்டேன்."

"அதுக்கு இன்னாக்கா சொன்னாரு?" என்றாள் கற்பகம்.

"நாம இருவது வருசம் ஒண்ணா குடும்பம் பண்ணிட்டோம் பூங்காவனம், அதுங்களுக்கு மூணு மாசந்தான் ஆவுதுன்னாரு." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பால நான் இன்னா பேசறது? டீக்கடையாண்ட ஒரு மக்கு வாங்கியாரச் சொன்னேன். ஏறி குந்திகினேன்."

கற்பகம் பொங்கிவந்த பாலை இறக்கி வைத்தாள். பிறகு தயங்கித் தயங்கி, "அக்கா, எனக்கு நீச்சல் தெரியுமே. எங்களயே உட்டிருக்கலாமே" என்றாள்.

"அடிப்பாவி! அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடி?"

நான் கூடத்துக்குப் போனேன். டொக்டொக் கிழக்குச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார். காதிலிருந்து நீலப் பென்சிலை எடுத்து, புத்தம்புதுச் சுவரில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வட்டம் போட்டார்.

"நைனா, இங்க பூச்சு உள்ள புடிக்கல. கொத்தனாரக் கூப்ட்டு இட்ச்சிட்டு வேற பூசு."

அவர் காலில் விழ வேண்டும்போல இருந்தது. கையைப் பிடித்து ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. "பூசிடறேன் அண்ணாத்தே" என்று மட்டும் சொன்னேன்.

அவரிடம் நான் சொன்ன இரண்டாவது பொய் அது. கொத்தனார் வரவே இல்லை. எத்தனையோ பொங்கலுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. அந்த நீல வட்டத்தின் மேல் மட்டும் பிரஷ் படாமல், இன்றைக்கும் நானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.